வேலையை ஏன் விடுகிறார்கள்? சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் பணியாளர் பிரிவில் 9 ஆண்டுகள், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 11 ஆண்டுகள். இந்த 20 ஆண்டுகளில் என் மேசைக்கு வந்த ராஜினாமா கடிதங்களுக்குக் கணக்கில்லை. கடைசியில் நானும் ஒன்று எழுதினேன். அதிலும் 'சொந்தக் காரணங்களுக்காக' என்றுதான் எழுதினேன். உறவினர்களும் பழைய சகாக்களும் அவர்கள் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாக் கடிதத்திலும் 'சொந்தக் காரணங்களுக்காக' என்றே இருக்கிறது. உண்மைக் காரணம் எங்கே போகிறது?

அலுவலக வாசலில் இருக்கும் தேநீர்க் கடைக்குப் போகிறது. கடிதம் என்பது ரிலீவிங் லெட்டர், அதாவது வேலையிலிருந்து விடுவித்துவிட்டோம் என்ற சான்று, வாங்குவதற்கான விண்ணப்பம். அதில் போய் யாரும் மனத்தைத் திறந்து காட்டமாட்டார்கள். கையெழுத்துப் போடவேண்டிய ஆளையே குற்றம் சொல்லி அவரிடமே கொடுப்பதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அடுத்த கம்பெனிக்காரர்கள் விசாரிக்கப்போவதும் இங்கேதான். ஆகவே பெரும்பாலான கடிதங்களில் நம்பத் தகுந்த விஷயம் தேதி ஒன்றுதான்.

'ஏன் போகிறீர்கள்?' என்று கேட்பதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். 'போகவேண்டும் என்று முதன்முதலில் எப்போது தோன்றியது?' என்று கேட்க ஆரம்பித்தேன். ஆச்சரியம் என்னவென்றால், முக்கால்வாசிப் பேருக்கு அந்த நாள் துல்லியமாக நினைவிருந்தது. அம்பத்தூரில் 12 ஆண்டுகள் லேத் மெஷினில் நின்ற ஒருவர், மாதம் 1,500 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று திருமுடிவாக்கம் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனார். கம்பெனியின் பதிவேட்டில் காரணம்: கூடுதல் சம்பளம். முதல் நாளைக் கேட்டபோது எட்டு மாதம் பின்னோக்கிப் போனார். உதிரிபாகங்கள் காணாமல் போகின்றன என்று புகார் எழுந்த வாரம் அது. புதிதாக வந்த காவலாளி கேட்டில் நிறுத்தி, பத்துப் பேர் பார்க்க, அவருடைய சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து கையை விட்டுத் துழாவியிருக்கிறார். 'அன்றைக்கே நான் போய்விட்டேன் சார். உடம்புதான் இத்தனை நாள் வந்து போனது' என்றார்.

அவ்வளவு சிறிய சம்பவத்துக்காகவா ஒருவர் பிழைப்பை விடுவார்?

விடுகிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் என்ற இரு பேராசிரியர்கள் 1994-இல் இதைப் பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். அதிருப்தி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஒரு நாள் வழிந்துவிடும் என்றுதான் அதுவரை பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். பலருடைய விஷயத்தில், யோசிக்கத் தூண்டும் ஓர் அதிர்ச்சிதான் தொடக்கம் என்றார்கள் இவர்கள். அது கசப்பாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. மனைவிக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வருவதும், எதிர்பாராத இடத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வருவதும் அதிர்ச்சிதான். மனநிறைவோடு வேலை செய்துகொண்டிருந்தவரும் கிளம்பிப் போவதற்கு இதில் விளக்கம் இருக்கிறது.

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். சம்பவம் சிறிதாக இருக்கலாம். அது சொல்லிவிட்டுப் போகும் சேதி சிறிதாக இருப்பதில்லை. தூக்குக்குள் கையை விட்ட காவலாளி சொன்னது 'உன் 12 வருஷத்துக்கு இங்கே மதிப்பு இல்லை' என்பதை.

சம்பளம்தானே முதல் காரணம்? எதற்குச் சுற்றி வளைக்கவேண்டும்?

மாதக் கடைசியில் பால்காரருக்குப் பதில் சொல்ல முடியாதவருக்குச் சம்பளம்தான் முதல் காரணம், இரண்டாம் காரணம், மூன்றாம் காரணம். அவரிடம் போய் மனநிறைவைப் பற்றிப் பேசுவது அநியாயம்.

கைக்கும் வாய்க்கும் போதும் என்ற நிலையைத் தாண்டியவர்களிடம் கதை மாறுகிறது. 1950-களின் இறுதியில் அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் நகரில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டார். சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் போன்றவை குறைந்தால் மனம் கெடுகிறது. ஆனால் அவை கூடுவதால் மட்டும் வேலையில் ஈடுபாடு வந்துவிடுவதில்லை என்பது அவர் கண்டது. இதை ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு நிறையவே விமர்சித்தார்கள். என் மேசையில் பார்த்த அளவில் எனக்கு அது ஒத்துப்போகிறது.

எங்கள் ஊர்க் கணினி அலுவலகங்களில் நான் கண்டது, தொகையைவிட ஒப்பீடுதான் ஆளைக் கிளப்புகிறது. ஆறு வருஷம் இருந்தவருக்கு ஆண்டுக்கு 7 சதவீத உயர்வு. அதே வேலைக்கு வெளியிலிருந்து நேற்று வந்தவருக்கு இவரைவிட மாதம் 20,000 ரூபாய் அதிகம். புதியவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் இவர் தலையில்தான். சம்பள விவரம் ரகசியம் என்று ஒப்பந்தத்தில் அச்சடித்திருப்பார்கள். கேன்டீனில் அந்த ரகசியம் ஒரு வாரம் தாங்காது.

'ஆட்கள் கம்பெனியை விட்டுப் போவதில்லை, மேலாளரை விட்டுத்தான் போகிறார்கள்' என்கிறார்களே?

பாதி உண்மை. கத்துகிற மேலாளரைக்கூடச் சகித்துக்கொள்கிறார்கள். அடுத்தவர் வேலையைத் தன் பெயரில் எடுத்துப் போகிறவரைச் சகிப்பதில்லை. இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து தவறைக் கண்டுபிடித்தவர் ஒருவர். காலைக் கூட்டத்தில் 'நான் பார்த்துச் சரிசெய்துவிட்டேன்' என்பவர் வேறொருவர். மீதிப் பாதி உண்மை, அந்த மேலாளரை அங்கே உட்காரவைத்ததும் கம்பெனிதான் என்பது.

போக்குவரத்துக்காகவெல்லாம் வேலையை விடுவார்களா?

சென்னையில் இந்தக் காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. சொன்னால் சோம்பேறி என்பார்கள். நான் இதை மேல்வரிசையில் வைப்பேன்.

பெரம்பூரில் வீடு, சிறுசேரியில் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். மின்சார ரயிலில் சென்ட்ரல், சாலையைக் கடந்து பார்க் டவுன், பறக்கும் ரயிலில் திருவான்மியூர், அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ. ஒரு நடைக்கு இரண்டு மணி நேரம். போக வர நாலு மணி. மாதம் 22 நாளுக்கு 88 மணி. அதாவது ஒன்பது மணி நேர வேலைநாள் கணக்கில், சம்பளம் இல்லாமல் மாதம் கிட்டத்தட்ட பத்து நாள் கூடுதல் வேலை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையான மெட்ரோ வழித்தடத்துக்காகச் சாலையைத் தடுப்புப் போட்டுக் குறுக்கிய பிறகு, கம்பெனி வண்டியில் போகிறவர்களும் இதே கணக்குக்குள் வந்துவிட்டார்கள். மழைக்காலம் தனிக் கதை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள், பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் ஏறுகிறது என்றாலே பிள்ளையை யார் அழைத்து வருவது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்தவர்களை 'வாரம் ஐந்து நாள் வா' என்று திரும்ப அழைத்தபோது, அந்த மின்னஞ்சல் பலருக்கு மேலே சொன்ன 'முதல் நாள்' ஆகிவிட்டது. இரண்டு வருஷம் மாலை ஆறு மணிக்குக் குழந்தையோடு மொட்டை மாடியில் நின்றவரிடம், அதே ஆறு மணிக்குச் சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

பெண்கள் அதிகம் விடுவது கல்யாணத்தாலும் குழந்தையாலும்தானே?

அப்படித்தான் பதிவேடுகள் சொல்லும். பதிவேட்டை எழுதிய ஆள் என்ற முறையில் சொல்கிறேன், அதை முழுதாக நம்பாதீர்கள்.

குழந்தை பிறந்ததும் விடுபவர்கள் நான் பார்த்தவரை குறைவு. திரும்பி வந்து நாலைந்து மாதத்தில் விடுபவர்கள்தான் மிகுதி. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தத்திலிருந்து முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்கவேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. காப்பகம் எங்கே என்று கேட்டால் பல இடங்களில் ஒரு பூட்டிய அறையைக் காட்டுவார்கள். அதற்குள் பழைய நாற்காலிகள் அடுக்கியிருக்கும்.

ஒருத்தி மகப்பேறு விடுப்பில் இருந்தபோது அவளுடைய பணியை இன்னொருவருக்குக் கொடுத்திருப்பார்கள். திரும்பி வந்தவளுக்கு 'இப்போதைக்கு இதைப் பாருங்கள்' என்று உப்புச் சப்பில்லாத ஏதோ ஒன்று. அந்த ஆண்டு மதிப்பீட்டில் 'ஆறு மாதம் இல்லையே' என்று கடைசித் தரம். வீட்டில் மாமியாருக்கு முழங்கால் வலி, வீட்டு வேலைக்கு வரும் அம்மா சொல்லாமல் நின்றுவிடுவார். இத்தனைக்கும் பிறகு அவள் எழுதும் கடிதத்தில் 'குடும்பக் காரணம்' என்று இருக்கும். குடும்பம் ஒரு பங்குதான்.

இரவு ஷிப்டும் அப்படியே. பெண்கள் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்யக்கூடாது என்ற தொழிற்சாலைகள் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. உரிமை வந்தது. ஆனால் பின்னிரவில் வண்டி தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகிறதா, வீட்டு வாசல்வரை வருகிறதா என்பதை வைத்துத்தான் பல வீடுகளில் முடிவெடுக்கிறார்கள். பாலியல் தொல்லையால் விடுபவர்கள் அதைச் சொல்லவே மாட்டார்கள். 10 பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்புகார்க் குழு இருக்கவேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தரவேண்டும். வேலையை விட்டுவிட்டாலும் இந்த வழி அடைபடுவதில்லை.

இதெல்லாம் கணினி அலுவலகக் கதை. கடைகளிலும் தொழிற்சாலைகளிலும்?

அங்கே பலர் கடிதமே எழுதுவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரமாட்டார், அவ்வளவுதான். தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் துணிக்கடைகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளில் தென் மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர். விடுதியும் சாப்பாடும் கடையுடையது. பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. உட்கார்வதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை வைத்தே, பிள்ளைகள் ஏன் நிற்காமல் போனார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் கேட்டால், ஒரே மெஷினில் ஒரே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளத்தைத்தான் முதலில் சொல்வார்கள். ஒப்பீடு என்ற அதே நோய்தான். இங்கே இன்னும் கூர்மையாகக் குத்துகிறது.

ஆலையை மூடிவிடுவார்களோ என்ற பயமும் அந்தப் பக்கத்தில் அதிகம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பு 2021-இல் வந்து, மறு ஆண்டு உற்பத்தி நின்றது. அதைப் பார்த்த குடும்பங்கள் வதந்தியைக்கூட அலட்சியம் செய்வதில்லை. வதந்தி கிளம்பியதும் முதலில் போகிறவர்கள் வேறு இடம் எளிதில் கிடைக்கிற கெட்டிக்காரர்கள். அவர்கள் போனபின் வதந்திக்குக் கால் முளைத்துவிடும்.

நான் விடவேண்டுமா, இருக்கவேண்டுமா? எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த 'முதல் நாளை' நீங்களே தேடிப் பாருங்கள். அன்று நடந்தது ஒரு மனிதரால் நடந்ததா, ஏற்பாட்டால் நடந்ததா? மனிதரால் என்றால் வேறு குழுவுக்கு மாற்றம் கேட்கலாம். ஆறு மாதத்தில் அவரே மாறிப் போகலாம். ஏற்பாட்டால் என்றால், பத்துச் சதவீதச் சம்பள உயர்வு கொடுத்துப் பிடித்து வைத்தாலும் அதே ஏற்பாடு அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். கடிதம் கொடுத்த பிறகு 'இருங்கள், பேசுவோம்' என்று கூட்டித் தரும் தொகைக்கு மயங்கி நின்றவர்களில் பலர், ஒரு வருஷத்துக்குள் மறுபடி என் எதிரே உட்கார்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வயிறு கலங்குகிறது, தூக்கம் வருவதில்லை என்றால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் எடுக்கும் முடிவு எதுவாக இருந்தாலும் அவசர முடிவாகிவிடும்.

கையில் அடுத்த வேலை இல்லாமல் விடலாமா? ஆறு மாத வாடகையும் மாதத் தவணையும் வங்கியில் இருந்தால் விடலாம். இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தேடுங்கள்.

விலகுவதற்கு முன் நோட்டீஸ் 90 நாள் என்கிறார்கள். பாண்டு (ஒப்பந்தப் பத்திரம்) போட்டிருக்கிறேன். பிடித்து வைக்க முடியுமா?

வேலை செய்தே தீரவேண்டும் என்று எந்த நீதிமன்றமும் ஒருவரைக் கட்டிப்போடாது. ஆனால் ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தை மீறினால் அதற்கான பணத்தைக் கேட்கலாம். ரிலீவிங் லெட்டரை இழுத்தடிப்பார்கள். முடிந்தவரை நாளையோ பணத்தையோ பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பாண்டு விஷயத்தில் இரண்டைப் பிரித்துப் பார்க்கவேண்டும். 'இங்கிருந்து போனபின் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது' என்ற நிபந்தனை, 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. 'இத்தனை ஆண்டுக்குள் விட்டால் இவ்வளவு பணம்' என்பது வேறு. விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்ச ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆகவே 'பாண்டு வெறும் காகிதம்' என்று தைரியம் சொல்லும் நண்பரை நம்பவேண்டாம். அசல் சான்றிதழ்களை மட்டும் எந்தக் கம்பெனிக்கும் கொடுத்து வைக்காதீர்கள்.

போகும்போது என்னென்ன பணம் வரவேண்டும்?

கிராஜுவிட்டி (பணிக்கொடை): நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து ஆண்டுத் தொடர் பணிக்குப் பிறகு. பொதுவாக, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, பணி ஆண்டுகளால் பெருக்கவேண்டும். சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 30,000 ரூபாய், பணி 6 ஆண்டு என்றால் சுமார் 1,03,800 ரூபாய் வரும். ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே ஐந்து ஆண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. நாலே முக்கால் வருஷத்தில் கோபத்தில் கடிதம் கொடுக்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று நாட்காட்டியைப் பாருங்கள்.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி): எடுக்காதீர்கள், புதிய கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து ஆண்டுத் தொடர் பணி ஆகுமுன் எடுத்தால் வரி உண்டு. மாதாந்திர ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணி வேண்டும், ஒவ்வொரு முறையும் வழித்து எடுத்தால் அந்தக் கணக்கு உடைந்துபோகும். பழைய கம்பெனி உங்கள் விலகல் தேதியைப் பதிவு செய்துவிட்டதா என்று பாருங்கள். செய்யாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின் நீங்களே இணையத்தில் பதியலாம்.

விலகும்போது நடக்கும் பேட்டியில் உண்மையைச் சொல்லலாமா?

நடந்ததைச் சொல்லுங்கள், ஆளைத் திட்டாதீர்கள். 'அவர் மோசமானவர்' என்றால் எழுதமாட்டோம். 'மூன்று மாதத்தில் எனக்கு எட்டு ஞாயிறு வேலை வந்தது' என்றால் எழுதித்தான் ஆகவேண்டும். எழுதியதை மேலே யாராவது படிக்கிறார்களா என்று கேட்டால், என் 20 ஆண்டில் படித்த முதலாளிகளை எண்ண ஒரு கை போதும்.

வீட்டில் எப்படிச் சொல்வது? அப்பா 34 வருஷம் ஒரே வங்கியில் இருந்தவர்.

'கால் காசு உத்தியோகமானாலும் சர்க்கார் உத்தியோகம்' என்று வளர்ந்த தலைமுறைக்கு வேலை என்பது வீடு மாதிரி. வாடகை வீடு மாதிரிகூட இல்லை, பூர்வீக வீடு. அதை விற்கப்போகிறேன் என்றால் கோபம்தான் வரும். அடுத்த கடிதம் கைக்கு வந்தபின் சொல்லுங்கள். அப்பாவிடம் சம்பளத்தைச் சொல்லாதீர்கள், பி.எஃப். தொடர்கிறது என்று சொல்லுங்கள். அம்மாவிடம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவேன் என்று சொல்லுங்கள். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் தரகரிடம் யார் சொல்வது என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், இதனால் நின்றுபோன நிச்சயதார்த்தம் எனக்குத் தெரியும்.

விட்ட கம்பெனிக்கே திரும்பிப் போகலாமா?

போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் போகுமுன் அந்த 'முதல் நாள்' மாறியிருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். லேத் மெஷின்காரரை இரண்டு வருஷம் கழித்து அம்பத்தூருக்குத் திரும்ப அழைத்தார்கள், 4,000 ரூபாய் கூடுதலாக. என்னிடம் போன் செய்து அவர் கேட்டது ஒரே கேள்வி: 'கேட்டில் இப்போது யார் சார் இருக்கிறார்கள்?' அதே ஆள்தான் என்றேன். வரவில்லை.